கோலின் சாய்வு

கோல் சாய்வது தமிழ் மரபில் பழிக்குரியது. அரசன் கையிலுள்ள கோல் நிமிர்ந்திருந்தால் அது செங்கோல், வளைந்தால் கொடுங்கோல். துலாக்கோலின் நா ஒரு பக்கம் சாய்ந்தால் வாணிகனுக்கு இழுக்கு. நேர்மையை நிமிர்விலும் தீமையைச் சாய்விலும் கண்டு பழகிய மொழி இது. ஆனால், கோலின் சாய்வையே வலிமையாகக் கொண்ட ஓர் ஆட்டமும் உலகில் உண்டு. தமிழில் குழிப்பந்தாட்டம் என்று வழங்கப்பெறும் கோல்ஃப்தான் அது. கோல்ஃப் என்னும் பெயரிலேயே கோல் இருக்கிறதே என்று வகுப்பில் எழுந்து கேட்கும் மாணவனும் இருப்பான். ஓசை ஒற்றுமை தற்செயலானதுதான். ஆயினும், தடி என்னும் பொருளுடைய பழைய டச்சுச் சொல்லொன்றோடு அப்பெயரைத் தொடர்புபடுத்துவோர் உளர். ஆதலின், அம்மாணவனை ஒரேயடியாக உட்கார வைத்துவிடவும் இயலாது.

மலாயாத் தமிழருக்கு இந்த ஆட்டம் கை வழியாக வந்து சேரவில்லை. தோள் வழியாக வந்தது. சிங்கப்பூரில் 1891ஆம் ஆண்டிலும், கோலாலம்பூரில் 1893ஆம் ஆண்டிலும் வெள்ளையர்கள் கோல்ஃப் கழகங்களை அமைத்தனர். பின்னர் தோட்டத் துரைமார்களின் கிளப்புகளை ஒட்டியும் ஒன்பது குழிகள் கொண்ட சிறு திடல்கள் தோன்றின. துரை ஆடினார்; தோட்டத்துச் சிறுவன் அவருடைய பையைச் சுமந்து பின்னே நடந்தான். அவ்வாறு சுமப்பவனுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் தமிழ் எழுத்தில் 'கேடி' என்று வந்து நிற்கிறது. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களின் வழியே வந்த 'கேடி' வேறு. இந்தக் கேடி வேறு. முன்னவன் பிறர் பொருளைக் கொண்டு ஓடியவன். பின்னவன் பிறர் பொருளைச் சுமந்து நடந்தவன். எந்தப் பந்து எங்கே விழும், எந்த மட்டை யார் கையில் எவ்வளவு தூரம் அடிக்கும் என்பதையெல்லாம் நூல் கல்லாமல், நடந்து நடந்து கற்றவன் அவன். மாரிமுத்து ராமையா, பெரியசாமி குணசேகரன் போன்றோர் தொழில்முறை ஆட்டக்காரர்களாக விளங்கி மலேசியாவுக்குப் பெயர் தேடித் தந்தது பிற்காலத்துச் செய்தி.

ஆட்டக்காரரின் பையில் இரும்பு மட்டைகளும் மர மட்டைகளும் இருக்கும். பந்தை முதன்முதலில் டீ எனப்படும் சிறு முளையின்மேல் வைத்து அடிக்கப் பயன்படுவது டிரைவர் எனப்படும் பெரிய மர மட்டை. அடுத்த அடியைப் புல்தரையில் கிடக்கும் பந்தின்மீதே அடிக்க வேண்டும். குழி இன்னும் 200 கஜத்துக்கு அப்பால் இருக்கும்போது கைக்கு எடுப்பது ஃபேர்வே மர மட்டை. ஃபேர்வே என்பது தொடக்கத்திற்கும் குழிக்கும் இடையே புல் வெட்டிச் சீர்செய்யப்பட்ட நடுவழி.

எண்கள் வழக்கிற்கு வருமுன் இம்மட்டைகளுக்குப் பெயர்கள் இருந்தன. அடியில் பித்தளைத் தகடு பதித்தது பிராசி. கரண்டிபோல் குழிந்த முகமுடையது ஸ்பூன். அதனினும் சாய்வு மிக்கது பாஃபி. 1930ஆம் ஆண்டுகளில் எண்கள் வந்து இப்பெயர்களை ஓரங்கட்டின. ஸ்பூன் 3ஆம் எண் ஆயிற்று. எண்கள் வசதியானவைதாம், ஆனால் எழுத்தறியாச் சிறுவனுக்குப் பித்தளையும் கரண்டியும் சொன்ன செய்தியை எண்கள் சொல்லவில்லை.

மர மட்டை என்னும் பெயரிலும் ஒரு விந்தை இருக்கிறது. அவை பெர்சிமன் மரத்தால் செய்யப்பட்டவை. கருங்காலியின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் அது. இந்நாட்டுச் சந்தைகளில் சீனப் புத்தாண்டுக் காலத்தில் பீசாங் காக்கி என்று விற்கப்படும் செம்மஞ்சள் கனியும் அதன் உறவே. 1979இல் அமெரிக்காவில் கேரி ஆடம்ஸ் என்பவர் டெய்லர்மேட் நிறுவனத்தைத் தொடங்கி எஃகாலான 'மர' மட்டைகளை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதன்பின் இருபது ஆண்டுகளுக்குள் மரம் மறைந்தது. பெயர் மட்டும் மறையவில்லை. எள்ளின் நெய்யே எண்ணெய் என்பதைத் தமிழாசிரியர் அறிவர். ஆயினும், தேங்காயிலிருந்து எடுத்ததையும் செம்பனையிலிருந்து எடுத்ததையும் எண்ணெய் என்றே வாங்கி வருகின்றனர். எஃகு மட்டை மரம் என்று அழைக்கப்படுவதும் அப்படியே.

இனிச் சாய்வுக்கு வருவோம். மட்டையைத் தரையில் ஊன்றி நிறுத்தினால், அதன் முகம் செங்குத்தாக இராது; சற்றே வானத்தை நோக்கிப் பின்புறம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வின் அளவையே ஆங்கிலத்தில் லாஃப்ட் என்பர். டிரைவரின் சாய்வு பெரும்பாலும் 9 முதல் 12 பாகை. ஃபேர்வே மட்டைகளில் 3ஆம் எண்ணுக்கு 15 பாகை அளவிலும், 4ஆம் எண்ணுக்கு 17 அளவிலும், 5ஆம் எண்ணுக்கு 18 அல்லது 19ஆகவும், 7ஆம் எண்ணுக்கு 21 அல்லது 22ஆகவும், 9ஆம் எண்ணுக்கு 24 அல்லது 25ஆகவும் இருக்கும். இவ்வளவுகளுக்குச் சட்டம் ஏதுமில்லை. ஒரு நிறுவனத்தார் 3 என்று பொறித்தது இன்னொரு நிறுவனத்தாரின் 4க்கு நிகராக இருக்கலாம். ஆகவே, அடியில் பொறித்த எண்ணைப் பார்த்து வாங்குபவர் பாகையையும் கேட்டறிதல் வேண்டும்.

எண் குறையக் குறையத் தூரம் மிகும் என்பது பலரும் நம்பும் செய்தி. அது பாதி உண்மை; பாதி உண்மைக்கே ஏமாற்றும் ஆற்றல் அதிகம். பந்து மட்டையின் முகத்தை விட்டுப் புறப்படும்போது பின்னோக்கிச் சுழன்றுகொண்டே முன்னோக்கிப் பறக்கிறது. அந்தச் சுழற்சியே காற்றில் அதனைத் தாங்கிப் பிடிக்கிறது. மட்டையை மிக விரைவாக வீசுபவர்க்கு 15 பாகையே போதும். பந்து தாழ்வாகப் புறப்பட்டாலும் விரைவின் வலிமையால் எழுந்து நெடுந்தூரம் செல்லும். விரைவு குறைந்தவர் அதே மட்டையை எடுத்தால் பந்து எழாது. தோட்டத்துக்கு ரப்பர்க் குழாயால் நீர் பாய்ச்சுபவர் இதனை எளிதில் உணர்வர். குழாயில் நீரின் வேகம் குறைந்தால், செடியை எட்டவைக்க முனையைச் சற்றே உயர்த்துகிறாரே அன்றித் தாழ்த்துகிறாரா? நடுத்தர விரைவுடைய ஆட்டக்காரர் பலருக்கு 15 பாகை மட்டையைவிட 18 பாகை மட்டையே புல்தரையிலிருந்து பந்தை அதிகத் தொலைவு கொண்டு சேர்ப்பதற்கு இதுவே காரணம்.

உடலை விட்டு உள்ளத்திற்கு வந்தால் இன்னொரு காரணமும் தென்படும். சாய்வு குறைந்த மட்டையைப் பந்தின் பின்னே வைத்துக் குனிந்து பார்த்தால், முகம் கண்ணுக்கே தெரியாது. 'இது பந்தைத் தூக்குமா?' என்னும் ஐயம் எழுகிறது. ஐயம் எழுந்தவுடன் கைகள் தாமே பந்தைத் தூக்கிவிட முயல்கின்றன. உடல் பின்னே சாய்கிறது. மட்டை பந்தின் தலையில் பட்டு, பந்து தரையோடு ஓடுகிறது. சாய்ந்த முகம் நன்கு தெரியும் மட்டையை எடுப்பவர்க்கு இந்த ஐயம் வருவதில்லை. தூக்கும் வேலையை மட்டையிடம் விட்டுவிட்டு, அடிக்கும் வேலையை மட்டும் அவர் பார்க்கிறார். மேலும், 3ஆம் எண் மட்டையின் தண்டு ஏறத்தாழ 43 அங்குலம். எண் உயர உயரத் தண்டு குறுகும். குறுகிய தண்டுடைய மட்டையின் நடுமுகத்தில் பந்தைப் பட வைப்பது எளிது.

சாய்வைத் தேர்ந்த கதைகளுள் தலையாயது 1935ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நிகழ்ந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஆகஸ்டா நேஷனல் திடல் அதன் களம். மாஸ்டர்ஸ் என்று இன்று உலகம் போற்றும் போட்டி அப்பொழுது இரண்டாம் ஆண்டில்தான் இருந்தது. கிரேக் வுட் என்பவர் நான்கு சுற்றுகளையும் 282 அடிகளில் முடித்து வெற்றியாளராகக் கருதப்பட்டார். அவருடைய பெயரிலேயே மரம் இருந்தது. அவரை வீழ்த்தியதும் ஒரு மரமே!

திடலில் இன்னும் ஆடிக்கொண்டிருந்தவர் ஜீன் சரசென். இத்தாலியிலிருந்து குடியேறிய தச்சர் ஒருவரின் மகன் அவர். யூஜினியோ சரசேனி என்பது இயற்பெயர். சிறுவயதில் பிறருடைய மட்டைகளைச் சுமந்து பிழைத்தவர். மணற்குழியிலிருந்து பந்தை எடுக்கும் மட்டையைத் தம் கையாலேயே திருத்தியமைத்து, 1932இல் பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் வென்றவர். மட்டையின் அடியும் முகமும் பந்தோடு என்ன பேசுகின்றன என்பதை அவரைவிட நன்கறிந்தவர் அக்காலத்தில் அரியர்.

பதினைந்தாம் குழிக்கு அவர் வந்தபோது வுட்டைச் சமன் செய்யவே மூன்று அடிகளை மிச்சப்படுத்த வேண்டியிருந்தது. எஞ்சிய குழிகளோ நான்கு. அக்குழியின் நீளம் 485 கஜம். ஐந்து அடிகளில் முடிக்கத்தக்கது. முதல் அடி நன்றாகவே சென்றது. குழி இன்னும் 235 கஜத்துக்கு அப்பால் இருந்தது. கிரீன் எனப்படும் குழிப்பரப்பின் முன்னே ஒரு குளம். பந்து கிடந்த இடமோ நன்றாயில்லை. பந்தின்கீழ் மெத்தைபோல் புல் இருந்தால் மட்டை எளிதில் உள்ளே நுழையும். அங்கே பந்து தரையோடு ஒட்டிக் கிடந்தது.

தூரத்தைப் பார்த்தால் 3ஆம் எண்ணையே எடுக்க வேண்டும். சரசென் தம் கேடியோடு கலந்து பேசினார். நெடிய தொப்பி அணிந்த அந்தக் கறுப்பின மனிதரை ஸ்டோவ்பைப் என்று பட்டப்பெயரால் அழைத்தனர். ஆகஸ்டாவில் பை சுமந்தோர் கறுப்பினத்தவர். பை சுமக்க மட்டுமே அத்திடலின் வாயில் அவர்களுக்குத் திறந்திருந்தது. கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர் அப்போட்டியில் மட்டையைக் கையில் எடுக்க, 1975இல் லீ எல்டர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலாயாத் தோட்டத்துத் தமிழ்ச் சிறுவனின் கதையை அறிந்தவர்க்கு இது புதுச்செய்தி அன்று.

3ஆம் எண் மட்டை அந்தத் தரையிலிருந்து பந்தை எழுப்பாது என்று சரசென் முடிவு செய்தார். டர்ஃப் ரைடர் என்னும் 4ஆம் எண் மட்டையை எடுத்தார். பந்தின் அடிவரை இறங்கிச் செல்லத்தக்கதாக அதன் அடிப்பகுதி அமைக்கப்பட்டிருந்தது. அதை எடுத்தால் பந்து எழும் என்பது உறுதி. குளத்தைத் தாண்டுமா என்பதுதான் ஐயம். அதற்கும் ஒரு வழி கண்டார். மட்டையின் முகத்தைச் சற்றே உள்நோக்கித் திருப்பிப் பிடித்தார். அவ்வாறு பிடித்தால் சாய்வு சிறிது குறையும். தூரம் சிறிது கூடும். அடித்தார். பந்து குளத்தைக் கடந்து, கிரீனின் முற்பகுதியில் விழுந்து, உருண்டு சென்று குழிக்குள் இறங்கிற்று. ஐந்து அடிக்குரிய குழி இரண்டே அடிகளில் முடிந்தது. மூன்று அடி வேறுபாடும் ஒரே வீச்சில் அழிந்தது. மறுநாள் நடந்த 36 குழி ஆட்டத்தில் சரசென் 144, வுட் 149. அவ்வடியின் நினைவாக 1955ஆம் ஆண்டு அக்குளத்தின் ஓரத்தில் ஒரு பாலத்துக்குச் சரசெனின் பெயர் சூட்டப்பட்டது.

பந்து குழிக்குள் விழுந்தது ஊழின் கொடை. அதை எவரும் தேர்ந்துகொள்ள முடியாது. சரசென் தேர்ந்தது அதற்கு முந்தைய செயல். பந்து எவ்வளவு தூரம் போக வேண்டும் என்னும் கேள்வியை அவர் இரண்டாவதாக வைத்தார். கிடக்கும் இடத்திலிருந்து அது எழுமா என்னும் கேள்வியை முதலில் வைத்தார். மட்டையில் உள்ள சாய்வைக் கைத்திறத்தால் சிறிது குறைத்துக்கொள்ளலாம். இல்லாத சாய்வை ஒட்டிய தரையிலிருந்து வரவழைப்பது வல்லவர்க்கும் அரிது. 235 கஜத்துக்கு 4ஆம் எண்ணை எடுத்தவரைத் துணிச்சல்காரர் என்று வரலாறு புகழ்கிறது. உண்மையில் அது துணிவினும் அடக்கமே மிகுந்த தேர்வு எனலாம்.

அதே ஆகஸ்டாவில் 1976இல் ரேமண்ட் ஃபிளாய்ட் இதே வழியில் நடந்தார். ஐந்து அடிக் குழிகளில் நெடுந்தொலைவிலிருந்து பந்தை உயர அடித்து, கிரீனில் மெல்ல இறக்க அவர் விரும்பினார். ஆண்மைக்கு அடையாளமாகக் கருதப்பட்ட 1ஆம் எண் இரும்பைப் பையிலிருந்து எடுத்துவிட்டு 5ஆம் எண் மர மட்டையைச் செருகிக்கொண்டார். 271 அடிகளில், எட்டு அடி வேறுபாட்டில் வென்றார். 5ஆம் எண்ணெல்லாம் முதியோர்க்கு என்று அதுவரை நகைத்தவர்களும் அதன்பின் அம்மட்டையைத் தேடிச் சென்றனர். 2020 நவம்பரில் அதே போட்டியில் வென்ற டஸ்டின் ஜான்சன் நெடுந்தூரம் அடிப்பதில் பெயர் பெற்றவர். அவருடைய பையில் இருந்ததோ 7ஆம் எண் மர மட்டை!

சாய்வு குறைந்த மட்டைக்கு இத்துணைப் பெருமை எங்கிருந்து வந்தது? ஸ்காட்லாந்தின் கடற்கரைத் திடல்களை எண்ணிப் பார்த்தால் விளங்கும். அங்கே தரை இறுகியது, காற்று கடுமையானது. தாழப் பறந்த பந்து காற்றுக்குத் தப்பும். விழுந்தபின்னும் பல கஜம் உருண்டோடும். அங்கே அது அறிவுடைமை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிலைமை வேறு. பிற்பகல் தோறும் மழை வரும் மாதங்கள் பல. நனைந்த தரையில் விழுந்த பந்து விழுந்த இடத்திலேயே நிற்கும். சில வேளைகளில் சேற்றில் புதைந்தும் நிற்கும். பழைய திடல்கள் பலவற்றில் வளர்வது அகன்ற இலையுடைய மாட்டுப் புல். பந்தை அது ஏந்திக் காட்டாது, தன்னுள்ளே அமிழ்த்திக்கொள்ளும். உருளாத தரையில் பறக்கும் தூரமே தூரம். மாட்டுப் புல்லிலிருந்து பந்தைப் பறக்கவிடும் சாய்வே இங்கே நல்ல சாய்வு. ஸ்காட்லாந்தின் அறிவை இங்கே அப்படியே சுமந்து வருவது, குளிர்நாட்டுக் கம்பளி உடுப்பை ஈப்போவின் நண்பகலில் அணிவது போன்றது.

இக்காலத்தில் ரேடார்க் கருவியின் முன்னே நிறுத்தி, பந்து எழும் கோணம், பறக்கும் உயரம், இறங்கும் கோணம் ஆகியவற்றை அளந்து மட்டை பொருத்துகின்றனர். மட்டையின் கழுத்தைத் திருகிச் சாய்வை ஒன்றிரண்டு பாகை கூட்டவும் குறைக்கவும் வழி வந்துவிட்டது. எனினும் திருகுவோர் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சாய்வைக் கூட்டினால் முகம் சற்றே உள்நோக்கித் திரும்பும். குறைத்தால் வெளிநோக்கித் திறக்கும். பந்தின் திசையும் அதற்கேற்ப மாறும். கருவியின் முன்னே விரிப்பின்மேல் வைத்து அடிப்பதிலும் ஒரு குறை உண்டு. மட்டை சற்றுப் பின்னே தரையில் பட்டாலும் விரிப்பு அதை வழுக்கிவிட்டு முன்னே செலுத்தும். புல் அவ்வாறு இரக்கம் காட்டாது.

கருவிகள் வருமுன் இந்த வேலையைச் செய்தவர் கேடி. தொண்ணூறுகளின் நடுவில் பேராக் மாநிலத்துச் சிறுநகர் ஒன்றில் நடந்ததைச் சொன்னால் இது விளங்கும். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து 55 வயதில் ஓய்வு பெற்ற ஒருவர் அவ்வூர்த் திடலில் வாரம் இருமுறை ஆடிவந்தார். மட்டைகளை அவருக்கு அளித்தவர் மருத்துவராகிவிட்ட பழைய மாணவர். ஆசிரியரின் தந்தை பால்மரம் வெட்டியவர். சிறுவனாக இருந்தபோது துரையின் பையைச் சுமந்தவர். எழுத்தறியாத அவர், பித்தளைத் தகட்டைப் பார்த்து இது இன்னது என்றும், குழிந்த முகத்தைப் பார்த்து இது கரண்டி என்றும் அறிந்து எடுத்துக் கொடுப்பாராம். துரை 'ஸ்பூன்' என்று கை நீட்டிய ஓசையை முதுமையிலும் நடித்துக் காட்டியிருக்கிறார். தந்தை நெடுநாள் சுமந்தும் ஒருநாளும் வீசியறியாத அந்த ஸ்பூன்தான் மகனின் பையில் 3ஆம் எண்ணாக நின்றது. அது அடித்தாலும் அடிக்காவிட்டாலும் பையில் இருக்க வேண்டும் என்று அவர் எண்ணியது வியப்பன்று.

அவருக்குப் பை சுமந்தவர் அவரினும் பத்து வயது மூத்தவர், தோட்டத்தில் பிறந்தவர். ஒருநாள் காலை, 3ஆம் எண் மட்டையை ஆசிரியர் கேட்டபோது அவர் உடனே எடுத்துக் கொடுக்கவில்லை.

"இது எவ்வளவு தூரம் போவுது, சார்?" என்றார்.

"இருநூறு கஜம் போகும், அண்ணே."

"அது போன மாசம் ஒரு தடவ போனது. பந்தைத் தேடி நடந்தவன் நான்தானே? மத்த நாளெல்லாம் நூத்தி அம்பதுக்குப் பக்கத்துலதான் கெடந்துச்சு."

அடித்தவரின் நினைவில் தம் சிறந்த அடியே தங்குகிறது. நடந்தவரின் காலில் எல்லா அடிகளும் தங்குகின்றன. தமிழாசிரியர்க்கு இது புரியாத செய்தி அன்று. ஆண்டு முழுவதும் எழுதிய கட்டுரைகளுள் ஒன்று நன்றாக அமைந்துவிட்டால், அதையே தன் தரம் என்று நினைக்கும் மாணவரை அவர் பலகாலம் பார்த்திருக்கிறார்.

ஆட்டக்காரர் எவரும் இல்லாத ஒரு பிற்பகலில் பெரியவர் பத்துப் பந்துகளை மாட்டுப் புல்லில் வரிசையாகப் போட்டார். முளைகள் இல்லை, நல்ல இடமாகத் தேடவும் இல்லை. பந்து விழுந்த இடத்திலேயே கிடந்தது. 3ஆம் எண்ணால் பத்து, கடன்வாங்கிய 5ஆம் எண்ணால் பத்து, 7ஆம் எண்ணால் பத்து என்று அடிக்கச் சொன்னார். ஒவ்வொரு பத்திலும் மிக நெடுந்தூரம் சென்ற ஒன்றை முதலில் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "இத எண்ண வேணாம், சார். இது தெய்வம் குடுத்தது" என்றார். எஞ்சியவற்றை நடந்து அளந்தனர். 3ஆம் எண்ணின் பந்துகள் திடல் முழுவதும் சிதறிக் கிடந்தன. மூன்று தரையோடு ஓடியவை. 5ஆம் எண்ணின் பந்துகளுள் ஏழு, 165 கஜத்தை ஒட்டி ஒரே கூட்டமாகக் கிடந்தன. 7ஆம் எண்ணின் கூட்டம் அதற்குப் பத்துக் கஜம் பின்னே, இன்னும் நெருக்கமாக இருந்தது.

"ஏழாம் எண்ணெல்லாம் பெண்கள் வைத்திருப்பது அல்லவா, அண்ணே? கிளப்பில் சிரிப்பார்கள்."

"பந்துக்குத் தெரியுமா, சார், அடிச்சது ஆம்பளையா பொம்பளையான்னு?"

ஆசிரியர் அன்று விடை கூறவில்லை. 3ஆம் எண்ணும் இரண்டு வாரம் பையிலேயே இருந்தது. மூன்றாவது வாரம் அதன் இடத்தில் 5ஆம் எண் வந்தது. ஆண்டு முடிவதற்குள் 3ஆம் எண் இரும்பும் வெளியேறி, அங்கே 7ஆம் எண் மர மட்டை அமர்ந்தது. பையில் 14 மட்டைகளுக்குமேல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது 1938இல் அமெரிக்காவிலும் அடுத்த ஆண்டில் பிரிட்டனிலும் ஏற்பட்ட விதி. ஒன்றைச் சேர்க்க விரும்பினால் மற்றொன்றைக் கழிக்கத்தான் வேண்டும். ஒரே தூரம் அடிக்கும் இரு மட்டைகள் ஒரு பையில் இருப்பது வீண் சுமை என்பதைச் சுமந்தவரைக் காட்டிலும் நன்றாகச் சொல்லக்கூடியவர் யார்? டிரைவருக்கு அடுத்து 18 பாகை, அதற்கடுத்து 21. இடையில் மூன்று அல்லது நான்கு பாகை இருந்தால் தூரத்திலும் தக்க இடைவெளி கிடைக்கும். டிரைவருக்கும் 5ஆம் எண்ணுக்கும் இடையே பெரிய இடைவெளி விழுகிறதே என்று கேட்போர் உண்டு. அந்த இடைவெளியில் அவருக்கு எந்நாளும் ஒழுங்காகப் பந்து விழுந்ததில்லை. ஆதலால் அவர் இழந்தது ஒன்றுமில்லை.

3ஆம் எண் எவருக்குமே ஆகாது என்று இதனால் கொள்ளுதல் தவறு. குறுகிய வழியுள்ள குழிகளில் டிரைவருக்குப் பதிலாக முளையின்மேல் பந்தை வைத்து அடிக்க அது மிகச் சிறந்த கருவி. முளை பந்தை உயர்த்தித் தருவதால் சாய்வின் குறை தெரியாது. வீச்சின் விரைவு மிக்க இளைஞர்க்குப் புல்தரையிலும் அது நன்கு பணிபுரியும். ஆசிரியரின் மட்டையும் அத்தகைய ஒரு கையையே சென்றடைந்தது. மருத்துவரின் மகனுக்கு அப்போது வயது 19. பெரியவர் அவனை மாட்டுப் புல்லில் பத்துப் பந்துகள் அடிக்க வைத்துப் பார்த்துவிட்டு, "குடுங்க சார், தம்பி கையில இது பேசுது" என்றார். கொடுப்பதற்குமுன் ஆசிரியர் அதன் முகத்தைத் துணியால் துடைத்து, தந்தை எண்ணுக்குப் பதிலாக வழங்கிய பழைய பெயரையும் அவனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் அதைக்கொண்டு அடித்த பந்து, ஆசிரியர் ஒருநாளும் எட்டியிராத பெரிய வடிகாலைத் தாண்டி, அப்பாலிருந்த செம்பனைக் காட்டுக்குள் போய் விழுந்தது. பெரியவர் பையைக் கீழே வைத்துவிட்டு, கோலொன்றை ஊன்றிக்கொண்டு, அதைத் தேடப் போனார்.